மிச்சம் பிடித்தவர்கள்

சென்ற மாதம் எங்கள் வங்கியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு வகுப்பு வைத்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டுப் பின்வரிசையில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த விரிவுரையாளர் கரும்பலகையில் இரண்டு பெட்டி கீறினார். ஒன்றில் 'மிகை அலகு' என்று எழுதினார். செலவைவிட வருமானம் கூடியவர்களாம். மற்றதில் 'பற்றாக்குறை அலகு' என்று எழுதினார். வருமானத்தைவிடச் செலவு கூடியவர்களாம். நடுவில் வங்கி. முதற் பெட்டியில் மிஞ்சுவதை வங்கி வாங்கி இரண்டாம் பெட்டிக்குக் கொடுக்கிறது, நாடு வளர்கிறது. அம்புக்குறிகளை மிக அழகாகக் கீறியிருந்தார்.

ஒரு பிள்ளை எழும்பி, "சேர், எங்கட திருகோணமலையில இந்த மிகை அலகுகள் ஆர்?" என்று கேட்டாள்.

"பெரிய வியாபாரிகள், கொந்தராத்துக்காரர், உயர்ந்த உத்தியோகத்தர்" என்றார் அவர், யோசிக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. தேத்தண்ணி நேரத்தில் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "ஏன் ஐயா சிரிச்சனீங்கள்?" என்றாள். ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. ஆகவே எழுதுகிறேன்.

நான் வங்கியில் சேர்ந்தபோது வெள்ளைக்காரனுடைய கடற்படை இன்னும் எங்கள் துறைமுகத்தில் இருந்தது. தாள் எண்ணப் பழகினேன். கள்ளத் தாளை விரல் நுனியால் கண்டுபிடிக்கப் பழகினேன். மேலே இருப்பவர் விட்ட பிழையைக் கீழே இருப்பவன் விட்டதாக எழுதிக் கையெழுத்து வைக்கவும் பழகினேன். மற்றதெல்லாம் தானாக வந்தது. கடற்படை போனது, அதோடு பலருடைய சம்பளமும் போனது, நான் போகவில்லை. காசு வாங்கவும் கொடுக்கவும் கம்பிக்குப் பின்னால் இருந்த என்னைச் சனங்கள் 'சிறாப்பர்' என்று கூப்பிட்டார்கள். காசாளருக்கு அந்தக் காலத்துப் பெயர் அது.

எனக்கு வாய்த்த மனேச்சர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அருளம்பலம் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துத் தமிழர். தாயும் தகப்பனும் பாட்டனும் தமிழர். ஆனால் அவர் ஆளைப் பார்ப்பதற்கு முன்னர் காலைத்தான் பார்ப்பார். சப்பாத்துப் போட்டு வந்தவரை உள்ளே கூப்பிட்டு இருத்தி ஆங்கிலத்தில் கதைப்பார். செருப்போடு வந்தவரை நிற்க வைத்துத் தமிழில் கதைப்பார். வெறுங்காலோடு வந்தவரிடம் அவர் கதைப்பதே இல்லை. என்னைப் பார்த்து, "கனகரத்தினம், அவரிட்டை என்ன வேணும் எண்டு கேளும்" என்பார். அந்த மனிதர் மேசைக்கு முன்னால்தான் நிற்பார். நான் அதே தமிழில் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். அவர் சொன்ன பதிலை அதே தமிழில் மனேச்சரிடம் ஒப்படைக்க வேண்டும். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சேமிப்பு வாரம் என்று ஒன்று வரும். ஒரு வருடம் சாம்பல்தீவில் கூட்டம் வைத்தோம். கடலுக்குப் போகிறவர்களும் தோட்டம் செய்கிறவர்களும் வந்து மணலில் இருந்தார்கள். அருளம்பலம் ஒரு மணித்தியாலம் பேசினார். ஒரு நாளைக்கு ஒரு சுருட்டைக் குறைத்தால் வருட முடிவில் எவ்வளவு சேரும் என்று விளக்கினார். பேசும்போது அவருடைய இடக்கையில் வெளிநாட்டுச் சிகரெட் தகரம் இருந்தது. முன்னால் இருந்த கிழவர் ஒருவர், "ஐயா, குறைக்கிறதுக்கு முதல் ஒரு சுருட்டு வாங்க வேணுமே" என்றார். சனம் சிரித்தது. அருளம்பலம் என்னைப் பார்த்து, "அவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

இனி அந்த மாரிக்கு வருகிறேன். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்த் தாள்கள் செல்லாது, வைத்திருப்பவர்கள் குறித்த நாளுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று அரசாங்கம் திடீரென அறிவித்தது. ஒளித்து வைத்திருக்கும் கறுப்புப் பணத்தை வெளியே கொண்டுவருவதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். அது எங்கள் கிளைக்கு வந்து சேர்ந்தபோது அருளம்பலத்தின் கைக்கு வந்தது.

ஒப்படைக்கும் முறை இப்படி: ஒரு படிவம். பெயர், ஊர், தொழில், இந்தக் காசு எப்படி வந்தது. சொல்பவருக்கு எழுதத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதி வாசித்துக் காட்டி, இடக்கைப் பெருவிரலை மைத்தட்டில் ஒற்றி அடையாளம் எடுக்க வேண்டும். தொகை சிறிது என்றால் அவருடைய பெயரில் கணக்குத் திறந்து அதில் போடுவோம், சில நாட்களில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஆள் கொண்டுவந்தது ஒரு அளவுக்கு மேலே போனால் அது முடக்கி வைக்கப்படும். வருமானவரிக் கந்தோர் விசாரித்து விடுவிக்கும் வரை தொட ஏலாது. 'ஒரு ஆள்' என்பதை 'ஒரு குடும்பம்' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அருளம்பலம் தானாகவே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். கணவனும் மனைவியும் தனித்தனியே கொண்டுவந்தாலும் அவர் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார். சப்பாத்துப் போட்ட குடும்பங்களில் இந்தக் கூட்டலை அவர் செய்ததாக எனக்கு நினைவில்லை.

அறிவிப்பு வந்த மறுநாள் ஒரு லொறி வங்கி வாசலில் வந்து நின்றது. கொந்தராத்துக்காரர் இராசநாயகத்தின் லொறி. உள்துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவருக்குக் கல்லுப்போடும் கொந்தராத்து அவருடையது. எங்கள் கிளையில் மிகப் பெரிய மேலதிகப்பற்றும் அவருடையதுதான். அதாவது கணக்கில் இருந்ததற்கு மேலாக எங்களிடம் கடனாக எடுத்துச் செலவழித்த காசு. மாதா மாதம் மனேச்சரின் அறையில் வந்திருந்து, கையில் ஒரு சதமும் இல்லை என்று கண் கலங்குவார். மனேச்சரும் கலங்குவார். தவணை தள்ளிப் போகும்.

லொறியிலிருந்து அவருடைய கல்லுச் சுமக்கும் ஆட்கள் இறங்கி வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டுத் தாள். ஒவ்வொரு கட்டும் முடக்கும் அளவுக்கு மயிரிழை கீழே. எல்லாக் கட்டிலும் ஒரே நிற றப்பர் வளையம். எல்லாத் தாளிலும் அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையின் மணம். கல்லுச் சுமப்பவன் வீட்டில் அலுமாரி ஏது?

முதலாவது ஆளிடம் கேட்டேன்: "இது எவ்வளவு?"

அவர் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியாது ஐயா. சேமிச்ச காசு" என்றார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

நான் எழும்பி மனேச்சரின் அறைக்குப் போனேன். இராசநாயகம் உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்களுக்கு எண்ணத் தெரியாது, அதுதான்" என்றார் அருளம்பலம். "உமக்குத் தெரியும்தானே? நீர் எண்ணி எழுதும்."

எண்ணி எழுதினேன். ஒவ்வொருவர் பெயரிலும் கணக்குப் புத்தகம் ஒன்று தயாரானது. புத்தகத்தைக் கணக்குக்காரரின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தோம். வாசலில் இராசநாயகத்தின் மேற்பார்வையாளர் ஒரு சாக்கோடு நின்று ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்த வரிசையில் சல்லி என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த தாமோதரம் என்று ஒருவரும் இருந்தார். சோளகக் காற்று வீசிக் கடல் திறந்திருக்கும் காலத்தில் பிறத்தியாருடைய வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போவார். வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் மூடினால் கல்லுச் சுமப்பார்.

அடுத்த நாள் அவருடைய மனைவி பாக்கியம் வந்தாள். வெறுங்கால். கையில் ஒரு பால்மாத் தகரம். அதற்குள் துணியில் சுற்றிய தாள்கள். அவற்றில் கருவாட்டு மணம் அடித்தது. எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்க முன்னரே சொன்னாள். எண்ணினேன், சரியாக இருந்தது. முடக்கும் அளவுக்குக் கொஞ்சம் கீழேதான். படிவத்தை எழுதத் தொடங்கினேன். கணவனுடைய பெயரைக் கேட்டு எழுதியபோதுதான் கவனித்தேன். பதிவேட்டில் முதல் நாள் நான் எழுதிய அதே தாமோதரம், சல்லி.

மனேச்சரிடம் கொண்டுபோகாமல் இருக்க ஏலாது. அவளையும் கூப்பிட்டார்.

"ரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு காசு எங்கால வந்தது எண்டு கேளும்" என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறக்க முன்னர் பாக்கியம் சொன்னாள்: "தம்பி, சேரிட்டைச் சொல்லுங்கோ, எனக்குத் தமிழ் விளங்கும் எண்டு."

அருளம்பலத்தின் காது சிவந்தது. அவள் தொடர்ந்தாள். "ரண்டு பேரும் சேர்ந்தோ? நான் மட்டும்தானே கொண்டு வந்தனான்?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. வெளியே வேலியோரம் நின்ற தாமோதரத்தைக் கூப்பிட்டாள். அவர் தலையைக் குனிந்தபடி வந்தார்.

"முதலாளி கைநாட்டு வைக்கச் சொன்னவர்" என்றார். "போன மாரிக் கூலியும் இன்னும் தரேல்லை. கூலி வேணுமெண்டா வையெண்டார். வைச்சனான்."

இப்போது விஷயம் மனேச்சருக்கு வெளிச்சமாகிவிட்டது. அவருக்கு முன்னால் ஒரு மனிதன் நின்று, அந்தக் காசு தன்னுடையதல்ல, கொந்தராத்துக்காரருடையது என்று சொல்லிவிட்டான். நேர்மையான ஒருவன் என்ன செய்வான்? இராசநாயகத்தின் கட்டுகளை எல்லாம் முடக்குவான். அருளம்பலம் பாக்கியத்தின் தகரத்தை முடக்கினார்.

"முதலில் வந்தது முதலில். ரண்டாவதாக வந்த தொகை அளவை மிஞ்சுது. முடக்கிப்போட்டு விசாரணைக்கு எழுதும்" என்றார். பிறகு, தான் எவ்வளவு கவனமானவர் என்று மேலிடத்துக்குக் காட்டுவதற்காக, "நீர் நேரில போய் அந்த வீட்டைப் பார்த்து, இவ்வளவு மிச்சம் பிடிக்கக்கூடிய ஆக்களோ எண்டு அறிக்கை தாரும்" என்றும் சொன்னார். இராசநாயகத்தின் வீட்டைப் பார்க்க என்னை யாரும் அனுப்பவில்லை.

சைக்கிளில் சல்லிக்குப் போனேன். கிடுகு வீடு. உள்ளே ஒரு பாய், ஒரு பெட்டி, குசினியில் இரண்டு பானை. மிச்சம் பிடித்த வீடு எப்படியிருக்கும் என்று எங்கள் விரிவுரையாளருக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பாக்கியம் கருவாடு போட்டுத் திரியாய்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் கொண்டுபோய் விற்பாள். நெல்லாகத் தந்தால் நெல்லாக வாங்கி, தின்னாமல் அதையும் விற்பாள். கருவாடு விற்கிற வீட்டில் கருவாடு தின்றதில்லை. தலையும் முள்ளும்தான். அவளுடைய சிக்கனத்தை நான் புகழ வரவில்லை. அவர்களுடைய மூத்த மகன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கொண்டுபோகக் காசை எடுக்க மனமில்லாமல், வீட்டிலேயே கட்டுப்போட்டதால் வந்த வினை. அதை அவளே சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அந்தத் தகரத்திலிருந்த காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள் அல்லவா? அந்த வீட்டுக்காரரின் வயிற்றிலிருந்தும் அந்தப் பையனின் காலிலிருந்தும் வந்தது. இராசநாயகத்தின் அலுமாரிக் காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காததால் அதை நான் எழுதவில்லை. கொடுக்காத கூலியிலிருந்து வந்தது.

வாசலில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். நீர்கொழும்பிலிருந்து சோளகக் காலத்துக்கு மட்டும் இங்கே வந்து கரையில் வாடி என்ற குடில் போட்டுத் தொழில் செய்கிற மீனவர், பஸ்தியான். கடல் மூடிவிட்டது, ஊருக்குத் திரும்ப வேண்டும். தன்னுடைய எஞ்சின் பூட்டிய வள்ளத்தைக் கொண்டுபோக விருப்பமில்லை, இங்கேயே விற்றுவிட்டுப் போக நினைத்தார். அதற்குத்தான் பாக்கியம் இத்தனை வருடமாக மிச்சம் பிடித்தாள். விலை பேசி முடிந்திருந்தது. காசைக் கொடுக்கும் நேரத்தில்தான் தாள் செல்லாது என்று வந்தது.

"அக்கா நல்ல மனுசி" என்றார் பஸ்தியான் தன்னுடைய நீர்கொழும்புத் தமிழில். "நானும் எத்தினை நாள் நிக்கிறது? வாற கிழமை லொறி வருது. காசில்லாட்டி வள்ளத்தை ஏத்திக்கொண்டு போறதுதான். வேற வழியில்லை எனக்கு."

பாக்கியம் என்னைப் பார்த்தாள். "என்ரை காசு எப்ப வரும் தம்பி?"

"விசாரிச்சு முடிய மாதக் கணக்காகும். வருசமும் ஆகலாம்" என்றேன். பொய் சொல்லிப் பயனில்லை.

 "இவரின்ரை பேரில கிடக்கிற காசு?" என்று அவள் தாமோதரத்தைக் காட்டிக் கேட்டாள். "அதுவும் முடங்கியோ கிடக்கு?"

"இல்லை. அது சின்னத் தொகை எண்டு விட்டாச்சு. வாற திங்கள் எடுக்கலாம்."

"அது சட்டப்படி ஆரின்ரை காசு?"

தாமோதரம் என்னைப் பார்த்தார். பஸ்தியானும் பார்த்தார். நான் படித்ததையெல்லாம் திரட்டி யோசித்தேன். பதில் ஒன்றுதான் இருந்தது. "ஆரின்ரை பேரில கணக்கோ அவரின்ரை காசு. அவர் கைநாட்டு வைச்சால் அவரின்ரை கையிலதான் நான் குடுப்பன். வேற ஆருக்கும் குடுக்க எனக்கு ஏலாது."

"அது போதும்" என்றாள்.

அறிக்கையில், பார்த்ததையெல்லாம் எழுதினேன். இவர்கள் இவ்வளவு மிச்சம் பிடிக்கக்கூடியவர்கள்தான் என்று முடித்தேன். அருளம்பலம் வாசித்துவிட்டு, "நீர் கதை எழுதப் போயிருக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை லொறி மறுபடி வந்தது. இராசநாயகம் மனேச்சரின் அறையில். மேற்பார்வையாளர் சாக்கிலிருந்து புத்தகங்களை எடுத்து ஒவ்வொருவரிடமாகக் கொடுத்து அனுப்பினார். ஆள் வருவார், நான் பெயரைக் கேட்பேன், புத்தகத்தைப் பார்ப்பேன், பெருவிரலை ஒற்றி முதல் நாள் அடையாளத்தோடு ஒப்பிடுவேன், காசை எண்ணி அவர் கையில் வைப்பேன். அவர் திரும்பி நடந்து வாசலில் மேற்பார்வையாளரிடம் கொடுப்பார். இரண்டு பேர் அப்படிப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் தாமோதரம். அவருக்குப் பக்கத்தில் பாக்கியம் நின்றாள்.

எண்ணிக் கொடுத்தேன்.  பாக்கியம் அந்தக் கட்டை அவரிடமிருந்து வாங்கினாள். அவசரப்படாமல் அங்கேயே எண்ணினாள். தகரத்தில் தான் கொண்டுவந்த அளவை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். மிஞ்சியதை என் முன்னாலிருந்த பலகையில் வைத்தாள்.

"இது முதலாளியிட்டைக் குடுங்கோ தம்பி."

மேற்பார்வையாளர் கத்திய சத்தத்தில் இராசநாயகம் வெளியே ஓடிவந்தார். பின்னால் அருளம்பலம்.

"எடியே! என்ரை காசை எங்க கொண்டு போறாய்?"

"இது என்ரை காசு" என்றாள் பாக்கியம். "உங்கட காசு உள்ளுக்க முடங்கிக் கிடக்கு. பால்மாத் தகரத்தில வந்த காசு. அது விடுபட்டவுடனே நான் வந்து எடுத்துத் தாறன். ஒரு சதமும் குறைக்க மாட்டன்."

"களவு! பட்டப்பகல் களவு!"

"அப்ப பொலிசுக்குப் போவம். நானும் வாறன். இவரின்ரை பேரில கிடந்தது ஆரின்ரை காசு எண்டு நீங்களே சொல்லுங்கோ."

 அந்தக் காசு தன்னுடையது என்று இராசநாயகம் எங்கே சொல்வார்? யாரிடம் சொல்வார்? சொன்ன நிமிடமே மற்றக் கட்டுகளும் முடங்கும். அவர் அருளம்பலத்தைத் திரும்பிப் பார்த்தார். அருளம்பலம் முதன்முறையாக ஒரு வெறுங்காற்காரியிடம் நேரே தமிழில் கதைத்தார்.

"இஞ்சை பாரம்மா, கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சனான் சேர்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். தாமோதரம் பின்னால் போனார்.

வரிசையில் மிச்சமாக நின்றவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்காவதாக நின்றவர் மூதூரிலிருந்து வந்து வேலை செய்த இஸ்மாயில். நான் மைத்தட்டை நீட்டினேன். அவர் விரலை நீட்டவில்லை. திரும்பி இராசநாயகத்தைப் பார்த்தார்.

"முதலாளி, எங்கட போன மாரிக் கூலி?"

வேறொன்றும் கேட்கவில்லை. மற்றவர்களும் கத்தவில்லை, தள்ளவில்லை. ஒருவரும் விரலை நீட்டாமல் நின்றார்கள், அவ்வளவுதான். கையில் ஒரு சதமும் இல்லை என்று மாதா மாதம் கண்கலங்கிய மனிதர், அன்றைக்கு மதியத்துக்கு முன்னர் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சில்லறைத் தாள்களாகக் காசு கொண்டுவந்து, எங்கள் வங்கியின் விறாந்தையில் நின்று ஒவ்வொருவருக்கும் கூலி கொடுத்தார். கூலியை மடியில் கட்டிய பிறகுதான் ஒவ்வொருவராக விரலை நீட்டினார்கள். என்னுடைய உத்தியோக காலத்தில் நான் பார்த்த ஒரேயொரு ஒழுங்கான கொடுக்கல்வாங்கல் அது.

அருளம்பலம் என்னைக் கூப்பிட்டார். "நீர் ஏன் அவனுக்குக் குடுத்தனீர்?"

"கணக்குக்காரர் வந்தவர், புத்தகம் தந்தவர், கைநாட்டுச் சரியாய்க் கிடந்தது. குடுத்தனான் சேர்."

"முதலே அவளுக்குச் சொல்லிக் குடுத்தது நீர்தானே?"

"கேட்டவ. விதி என்ன எண்டு சொன்னனான்."

 அடுத்த இடமாற்றப் பட்டியலில் என்னுடைய பெயர் இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தது. ஆனால் அந்தப் பட்டியல் வர ஒரு வருடம் ஆனது, அதற்கிடையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு பாராட்டுச் சுற்றறிக்கை வந்தது. எங்கள் கிளையில் கூலித் தொழிலாளர் மத்தியில் புதிய கணக்குகள் வியக்கத்தக்க வகையில் பெருகியிருக்கின்றனவாம். சேமிப்புப் பழக்கத்தை அடிமட்டம் வரை கொண்டுசென்ற மனேச்சர் மற்றவர்களுக்கு முன்மாதிரியாம். அந்தக் கணக்குகளில் ஒன்றிலாவது அப்போது காசு இருக்கிறதா என்று பார்க்கும் யோசனை யாருக்கும் வரவில்லை. அருளம்பலம் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். பிறகு பதவி உயர்ந்து கொழும்புக்குப் போய்ச் சேமிப்பைப் பற்றி விரிவுரை செய்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் கீறிய பெட்டிகளைத்தான் இப்போதும் கீறுகிறார்களோ என்னவோ.

பஸ்தியான் காசை வாங்கிக்கொண்டு வள்ளம் இல்லாமல் லொறி ஏறினார். வள்ளம் சல்லிக் கரையில் நின்றது. மாரி முடிந்து கடல் திறந்ததும் தாமோதரம் முதன்முறையாகத் தன்னுடைய வள்ளத்தில் போனார். இராசநாயகத்தின் கல்லுக்கு அவர் பிறகு போகவில்லை.

வருமானவரிக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து பாக்கியத்தை விசாரித்தார். கருவாட்டைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்கு அவள் பதில் சொன்னாள். அடுத்த சோளகம் பாதி போனபோது அவளுடைய காசு விடுபட்டது. இராசநாயகம் அதுவரை கிழமைக்கு ஒருமுறை வந்து, "விட்டாச்சோ?" என்று கேட்பார். இன்னொருத்தியின் காசு எப்போது விடுபடும் என்று அவ்வளவு அக்கறையாக விசாரித்த கொந்தராத்துக்காரரை நான் கண்டதில்லை. விடுபட்ட செய்தியைக் கேட்டதும் அவரே காரை எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போய் அவளை ஏற்றி வந்தார். முன் இருக்கையில் இருத்தி.

பாக்கியம் கைநாட்டு வைத்தாள். நான் எண்ணிக் கொடுத்தேன். அவள் அதிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட்டு மற்றதை இராசநாயகத்தின் கையில் கொடுத்தாள். அவர் எச்சில் தொட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"குறையுது. ஒரு சதமும் குறைக்க மாட்டன் எண்டனீ?"

"குறையேல்லை" என்றாள் அவள். "மற்ற ஆக்களுக்கு அண்டைக்குக் கூலி குடுத்தியள். இவருக்குக் குடுக்கேல்லை. அதை நான் எடுத்துப்போட்டன். இனிக் கணக்குச் சரி."

இராசநாயகம் என்னைப் பார்த்தார். நான் மைத்தட்டை மூடினேன். அவர் காசைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு மனேச்சரின் அறைக்குள் போனார். வீட்டுக்கு எப்படிப் போவது என்று யாரும் பாக்கியத்திடம் கேட்கவில்லை. அவள் நடந்தே பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று பின்னேரம் மனேச்சரின் அறைக்கதவு திறந்து, என் மேசைக்கு ஒரு படிவம் வந்தது. இராசநாயகத்தின் மேலதிகப்பற்றின் எல்லையைக் கூட்டியிருந்தார்கள். அந்தக் கடன் கடைசிவரை திரும்பி வரவில்லை. பல வருடம் கழித்து வங்கி அதைத் தள்ளுபடி செய்தது. யாருடைய காசை அவருக்குக் கொடுத்தோம் என்று கேட்டால், கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் தின்னாமல் சேர்த்து எங்களை நம்பித் தந்தவர்களுடைய காசு. பாக்கியத்தின் காசு மட்டும் அதில் இல்லை.